டிஷ் கம்பத்தில் ஒரு நெயில் பாலிஷ் கோடு

அத்தியாயம் 4

ரஃபீக்கின் கீழுதடு கிழிந்து, மேலுதட்டோடு ஒட்டும் உறவும் இல்லாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டிஷ் வைத்தவர்களைக் கண்டாலே ஆகாத கேபிள்காரன் ஆபீசில், கொலையைப் பற்றி விசாரிக்கப் போய் அரை மணி நேரத்துக்கு முன்னால் வாங்கியது. மூன்று பேர். ஒருத்தன் பிடித்துக்கொள்ள, ஒருத்தன் அடிக்க, மூன்றாமவன் எண்ண. பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்கள்.

"அவனுங்க இல்லக்கா," என்றான் ரஃபீக், கைக்குட்டையை உதட்டில் அழுத்தியபடி. "வியாழக்கிழமை காலைல மூணு பேரும் பிம்ப்ரியில வேற ஒருத்தனை அடிச்சிட்டு இருந்திருக்கானுங்க. அடி வாங்கினவனே சாட்சி. ஆஸ்பத்திரிச் சீட்டுகூட பத்திரமா வெச்சிருக்கானுங்க."

"இதைக் கேட்டா சொல்லியிருப்பாங்களே. எதுக்கு அடி வாங்கின?"

"கேக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டானுங்க. அதுதான் அங்க வரவேற்பு."

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. மங்கை டிடெக்டிவ் பீரோவின் உரிமையாளர், தலைமைப் புலனாய்வாளர், காசாளர் எல்லாம் அவள்தான். மீதி வேலையெல்லாம் உதவியாளன் ரஃபீக். சென்னையிலிருந்து வந்திறங்கும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைகள் குடிப்பார்களா என்று பெண் வீட்டாருக்காகப் பார்த்துச் சொல்வது பீரோவின் அன்றாடப் பிழைப்பு. கொலை இதுதான் முதல். ஆனால் விசிட்டிங் கார்டில் நான்கு வருஷமாகவே 'கொலை உட்பட' என்று அச்சாகியிருந்தது.

புனேயை ஒட்டிய ஆகுர்டியில் ஒரு மொட்டை மாடி. 1997 நவம்பர், சனிக்கிழமை, காலை பதினொன்று. எதிரே பத்தடி விட்டத்தில் ஒரு டிஷ் ஆன்டெனா, கல்யாண சமையல் வாணலியைச் சாய்த்து வைத்ததுபோல் மேற்குப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் கம்பத்தடியில்தான் வியாழக்கிழமை சந்திரமௌலி கிடந்தார். பின்மண்டையில் ஐந்து அடி. முதல் அடியிலேயே காரியம் முடிந்திருக்கும், மீதி நான்கும் கோபம் என்று டாக்டர் சொன்னார். தெறித்த ரத்தம் சுவரிலும் கம்பத்திலும் காய்ந்து கறுத்திருந்தது.

சந்திரமௌலி சாதாரண மனிதரல்ல. வாசல் பலகையே அதைச் சொல்லிற்று: நிறுவனர்–தலைவர், அகில பாரத செயற்கைக்கோள் தொலைக்காட்சி நேயர் பேரவை. அகில பாரதத்திலும் பேரவைக்கு மொத்தம் மூன்று பேர். தலைவர் சந்திரமௌலி. துணைத்தலைவர், விமான் நகர் ரவிசந்திரன். மூன்றாமவர் அச்சுதனுக்குப் பதவி கிடையாது. யாராவது ஒருவர் உறுப்பினராக இருந்தாக வேண்டுமே!

கீழே சந்திரமௌலி வீட்டு ஹால் சுவர் முழுக்க டிவித் திரையைப் புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சீனத்துச் செய்தி வாசிப்பவள், ரஷ்ய வானிலை அறிக்கை, ஏதோ ஒரு பாலைவனத்து ஒட்டகப் பந்தயம். ஒரு வார்த்தை யாருக்கும் புரிந்ததில்லை. புரிந்துகொள்வது இந்தப் பொழுதுபோக்கில் சேர்த்தியில்லை. தூரதேசத்துச் சேனலைப் பிடிப்பதுதான் விஷயம். பிடித்ததும் திரையைப் படமெடுத்து ஐரோப்பாவில் வரும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால், கடைசிப் பக்கத்தில் பெயர் போடுவார்கள். அந்தப் பத்து எழுத்துக்காகப் பெரிய மனிதர்கள் வெயிலில் காய்ந்தார்கள். அல்லது வேறு யாரையாவது காய வைத்தார்கள்.

"மேடம்," என்றாள் ருக்மிணி, படியோரம் நின்றபடி. கீழ் போர்ஷனில் குடியிருப்பவள், பள்ளிக்கூட டீச்சர். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. "இன்ஸ்பெக்டர் இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுவேன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் கோர்ட்டு, ஜெயில்னு போயிடும். அவர் ஒண்ணும் பண்ணல மேடம்."

'அவர்' என்றது அவள் கணவன் முகுந்த். ஆட்டோமொபைல் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வியாழன் காலை வந்து படுத்தவன், பன்னிரண்டு மணிக்கு மாடி டிவியில் கேட்ட மேளச் சத்தத்தில் எழுந்தான். திட்டப் போனவன் மொட்டை மாடியில் பிணத்தைப் பார்த்தான், தூக்கினான், பனியனெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டான். போலீசுக்கு அது போதுமாயிருந்தது. போதாததற்கு முந்தின நாள்தான் அவன் தெருவே கேட்கும்படி, "இந்த டிஷ்ஷப் பிடுங்கி பானி பூரி வண்டிக்குக் கூரையா போடறேன் பாரு" என்று கத்தியிருந்தான்.

"வியாழக்கிழமை டிவியில என்ன ஓடிச்சு?" என்றாள் மங்கை.

"ஆப்பிரிக்கா மேடம். ஆடு மேய்க்கறாங்க, மேளம் கொட்டறாங்க. கண்ணாடி மாதிரி படம். அதுவரைக்கும் அந்தச் சேனல் இங்க வந்ததே இல்ல."

"அப்ப அன்னைக்குக் காலைலதான் யாரோ டிஷ்ஷைத் திருப்பியிருக்காங்க."

"ஆமா, அது ரெண்டு பேர் வேலையாச்சே," என்றான் ரஃபீக். "ஒருத்தன் மேல ஸ்பானரோட நின்னு திருப்பணும். இன்னொருத்தன் கீழ டிவி முன்னாடி நின்னு கத்தணும். எங்க வீட்டுல எங்கப்பா மேல, நான் கீழ. நான் 'வந்துச்சு'ன்னு சொல்றதுக்குள்ள அவரு அதைத் தாண்டிப் போயிடுவாரு. எத்தனை உதை வாங்கியிருக்கேன்!"

"சந்திரமௌலி மேல ஏறுவாரா ருக்மிணி?"

"அவரா? முட்டி வலின்னு எட்டு வருஷமா இந்தப் படியை மிதிச்சதில்ல மேடம். டிவி முன்னாடி நாற்காலி, கையில டீ. 'மேற்கே, இன்னும் மேற்கே, நிறுத்து'ன்னு அதிகாரம் பண்றதோட சரி. திருப்ப வர்றவங்க வெளிப்படியில ஏறி வருவாங்க, அதாலேயே போவாங்க. யார் வந்தா, யார் போனான்னு எங்களுக்குத் தெரியாது."

மங்கை கம்பத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். டிஷ்ஷைப் பிடித்திருக்கும் வளையத்துக்குக் கீழே, கம்பத்தைச் சுற்றி, அளவுகோல்போல் சின்னச் சின்ன அரக்குச் சிவப்புக் கோடுகள். ஏழு. எந்த நாட்டுச் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வைத்த அடையாளங்கள். மழைக்கும் வெயிலுக்கும் அழியாமலிருக்க எல்லாம் நெயில் பாலிஷால் போட்டவை. எட்டாவது கோடு ரத்தம் தெறித்த பக்கத்தில் இருந்தது.

"அதுவும் ரத்தம்தான்னு போலீஸ் இங்க பார்த்து எழுதின பஞ்சநாமாவுல இருக்கு," என்றான் ரஃபீக். "சிவப்பா இருந்தா ரத்தம். தக்காளி விழுந்திருந்தா அதையும் சேர்த்திருப்பாங்க."

"ரத்தம் ரெண்டு நாள்ல கறுத்துடும். இது இன்னும் பளபளக்குது பார்." மங்கை நகத்தால் மெல்ல நெம்பினாள். கோட்டின் ஒரு முனை பிய்ந்து வந்தது. அடியில், கோட்டுக்குக் கீழே நசுங்கிப்போய், கறுத்த ரத்தத் துளி.

ரஃபீக்குக்கு உதட்டு வலி ஒரு கணம் மறந்துபோயிற்று.

"ரத்தத்துக்கு மேல கோடு! அப்ப கொன்னதுக்கு அப்புறம்…"

"கொன்னுட்டு, பாக்கெட்டுலேர்ந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, நிதானமா அடையாளம் போட்டுட்டுப் போயிருக்கான். ஓடறவன் செய்யற காரியமா இது? முகுந்துக்கு இந்த டிஷ்ஷே ஆகாது. அவனுக்கு எதுக்கு அடையாளம்?"

"பேரவைக்காரன்," என்றான் ரஃபீக்.

"பேரவையில மீதி ரெண்டு பேர்தான்."

விமான் நகரில் துணைத்தலைவர் ரவிசந்திரன் பட்டு கவுனோடு கதவைத் திறந்தார். ஓட்டல் ஒன்றில் மேனேஜராம். வீட்டிலும் மேனேஜராகவே இருந்தார். நடுவீட்டில் சந்திரமௌலி படம், மாலை, ஊதுவத்தி. அதைவிடப் பெரிய அளவில் பக்கத்தில் ரவிசந்திரனின் சொந்தப் படம்.

"மாபெரும் இழப்பு, மிஸஸ் மங்கை. தலைவர் பொறுப்பை இனி நான்தான் சுமந்தாக வேண்டும். லெட்டர்பேடு அச்சுக்குப் போயிருக்கு."

"வியாழக்கிழமை அவர் வீட்டுல ஆப்பிரிக்கச் சேனல் வந்திருக்கு சார்."

"தெரியும். இந்தியாவிலேயே முதல் முறை!"

"அந்தப் பெருமை யாருக்குப் போகும்?"

ரவிசந்திரன் அழகாக ஒரு இருமல் இருமினார். "விஞ்ஞானத்தில் உழைப்பவன் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள். திசை கணித்தது, திருப்பியது, எல்லாம் அடியேன்தான்."

"நீங்களே மாடி ஏறி?"

"வேறு யார்?"

"கம்பத்துல எட்டாவது கோடு?"

"என் கையால் போட்டது. பத்திரிகைக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன்."

மங்கை ரஃபீக்கைப் பார்த்தாள். ரஃபீக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான்.

"சார், அந்தக் கோடு சந்திரமௌலியோட ரத்தத்துக்கு மேல போட்டிருக்கு. கோடு போட்டவன்தான் கொலை பண்ணவன். லெட்டர்ல அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க. தூக்குல போடும்போது பேர் தப்பா வந்துடக் கூடாது பாருங்க."

பட்டு கவுனுக்குள் மனிதர் சட்டென்று சுருங்கினார். அடுத்த கணம் மங்கையைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தார். ரஃபீக் கவுனின் வாரைப் பிடித்து இழுத்தான். வார் கையோடு வந்தது. துணைத்தலைவர் முகம் குப்புற ஷூ ஸ்டாண்டின் மேல் விழுந்தார். மூக்கு எலும்பு உடைந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் மனைவி ப்ரீத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய், ஐஸ் தட்டோடு நிதானமாக வந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"இவரு பண்ணலை மேடம்," என்றாள். "இவருக்கு ஹைட் பயம். ஸ்டூல் மேலகூட ஏற மாட்டாரு. பல்பு நான்தான் மாத்தறேன்."

"ப்ரீத்தி!" என்றார் ரவிசந்திரன், வாயெல்லாம் ரத்தமாக. கொலைப் பழியைவிட இது அவரை அதிகமாகக் காயப்படுத்தியது தெரிந்தது.

"அப்ப உங்க வீட்டு டிஷ்ஷை யாருங்க திருப்பறது?"

"அச்சுதன் மாமா. சண்டே சண்டே வருவாரு. இவரு கீழ சிட் பண்ணிட்டு ஆர்டர் போடுவாரு. மாமா மேல வெயில்ல."

"உங்க நெயில் பாலிஷ் ஏதாவது வாங்கிட்டுப் போவாரா?"

"சே, இல்ல. மாமா தன் பாக்கெட்ல வெச்சிருப்பாரு. மெரூன் கலர். பாவம், கல்யாணம் ஆகல. கடையில போய் அதைக் கேக்கறப்ப எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்கன்னு சொல்லிச் சிரிப்பாரு."

மாடியில் ரவிசந்திரனின் டிஷ் கம்பத்திலும் அதே அரக்குச் சிவப்பு, அதே நுனி மெலிந்த கோடுகள்.

தேஹு ரோடு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ராணுவ டிப்போவில் சிவிலியன் கிளார்க் அச்சுதனுக்கு ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரஃபீக் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தான். தண்ணீர்த் தொட்டி இருந்தது. துணி காய்ந்தது. டிஷ் இல்லை.

அச்சுதனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தின் பின்பக்கம் மட்டும் வெயிலில் கருகிக் கன்றியிருந்தது. ரஃபீக்கின் உதட்டைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"அய்யோ தம்பி, என்ன ஆச்சு? உக்காருங்க. மஞ்சள் வெக்கட்டுமா?"

"உங்க வீட்டுல டிஷ் இல்லையா சார்?" என்றான் ரஃபீக்.

"குவார்ட்டர்ஸ் மாடியில வெக்க விடமாட்டாங்க தம்பி. அதனால என்ன, தலைவர் வீட்டுது இருக்கு, ரவி சார் வீட்டுது இருக்கு." மூலையில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி, மேலே துணி போர்த்திக்கொண்டு தூங்கியது.

"நெயில் பாலிஷ் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்றாள் மங்கை.

அவர் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மரியாதையாக அவள் கையில் கொடுத்தார். அதே கை ஜன்னல் கட்டைக்குப் போயிற்று. திரும்பி வரும்போது அதில் ஒன்றரை அடி ஸ்பானர் இருந்தது.

ரஃபீக் தலையைச் சாய்த்துக்கொண்டான். அடி தோளில் இறங்கியது. காரை எலும்பு உடைந்தது அவனுக்கு வலியாகத் தெரியவில்லை, முதலில் சத்தமாகத்தான் தெரிந்தது. இரண்டாவது அடிக்கு ஸ்பானர் தலையைக் குறிவைத்து ஓங்கியது. மங்கை டிவியை அப்படியே தூக்கி அவர் மார்பில் எறிந்தாள். படக்குழாய் வெடித்துக் கண்ணாடி சிதறியது. அச்சுதன் தரையில் விழுந்தும் ஸ்பானரை விடவில்லை. மங்கை செருப்புக் காலால் அந்த மணிக்கட்டை மிதித்து, எலும்பு நெறியும் வரைக்கும் அழுத்தினாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அடேங்கப்பா," என்றான் ரஃபீக், சுவரில் சறுக்கி உட்கார்ந்தபடி. "மஞ்சள் வெக்கறேன்னு சொன்னாரே, இப்ப நாலு கிலோவாவது வேணும்."

அச்சுதன் அப்படியே கிடந்தார். நெற்றியில் கண்ணாடி கீறி ரத்தம் காதுப் பக்கம் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"பதிமூணு வருஷம்மா. பத்திரிகையில ஒரு தடவைகூட என் பேர் வரல. பரவால்லன்னு விட்டுட்டேன். பேர் எதுக்கு? படம் வந்தா போதும். ஆனா அன்னைக்கு ரெண்டு மணி நேரம் மேல நின்னேன். 'வந்துச்சா சார்?'ங்கறேன். 'வரல, இன்னும் மேற்கே'ங்கறார். ஒரு நூலளவு திருப்பினேன். கீழேர்ந்து மேளம் கேக்குது. பாட்டு கேக்குது. 'வந்துச்சா சார்?'ங்கறேன். 'வரல, நீ வீட்டுக்குப் போ, நாளைக்குப் பாக்கலாம்'ங்கறார்."

"தானே தனியா கண்டுபிடிச்சதா எழுதறதுக்கு," என்றாள் மங்கை.

"எனக்கு நம்ப முடியல. சோதிச்சுப் பாக்கலாம்னு, 'வரலன்னா பழைய இடத்துக்கே திருப்பி வெச்சிடறேன் சார்'னு குரல் குடுத்தேன். எட்டு வருஷமா படி ஏறாத மனுஷன்மா! ரெண்டு ரெண்டு படியா தாவி வந்தார். 'தொடாதே! தொட்டா கையை வெட்டிடுவேன்!'னார். கழுத்துல கேமரா வேற. படம் எடுத்து முடிச்சிட்டுத்தான் வந்திருக்கார். கேமராவைத் தூக்கிக் காட்டிட்டு, கீழ போகத் திரும்பினார். என் கையில ஸ்பானர் இருந்துச்சு."

"அப்புறம் கோடு?"

அவர் மங்கையை ஆச்சரியமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"கோடு போடாம எப்படிம்மா எறங்கறது? அப்புறம் யாருக்கும் அந்த எடம் கெடைக்காதே."

முகுந்த் பெயரை மங்கை சொன்னாள். உங்கள் கோட்டுக்கு அவன் இரண்டு நாளாக அடி வாங்குகிறான் என்றாள். அச்சுதன் எழுந்து உட்கார்ந்தார். உடைந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "படம் நல்லா வந்துச்சாமா? கலரா?" என்று மட்டும் கேட்டார்.

காவல் நிலையத்தில் மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. ருக்மிணி ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அச்சுதன் எதையும் மறுக்கவில்லை. சொல்ல வேண்டியதை இன்னொரு முறை சொன்னார், ஹிந்தியில், சுருக்கமாக. மங்கை ஸ்பானரையும் குப்பியையும் மேஜைமேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் பத்து நொடி அவற்றைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து, "நாங்களும் இந்தக் கோணத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம்," என்று ஹிந்தியில் அறிவித்தார். கோணம் அவர் வாயில் மிகவும் கம்பீரமாக ஒலித்தது.

மேஜைமேல் மூன்று பக்கத்துக்கு மராத்தியில் தட்டச்சு செய்த வாக்குமூலம் கிடந்தது. முகுந்த் கொன்றதாக முகுந்தே சொல்வது. கடைசியில் கையெழுத்துக்கு விட்ட இடம் காலி. தேதி வெள்ளிக்கிழமை.

"நேத்தே ரெடியாயிடுச்சே," என்றான் ரஃபீக், தூளியில் கட்டிய கையோடு. "ஏன் இன்னும் கையெழுத்து வாங்கல?"

வாசல் கான்ஸ்டபிள் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் முந்திக்கொண்டான். "எப்படி வாங்கறது பாய்? முதல் நாளே வலது கையில ஆரம்பிச்சுட்டோம். பேனா நிக்கல. படிச்சவன்கிட்ட கைநாட்டு வாங்கினா கோர்ட்டுல கேள்வி வரும். வீக்கம் வடியட்டும்னு சாஹேப் அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்தாரு."

"சுப் பைட்!" என்று அவன் வாயை அடக்கினார் இன்ஸ்பெக்டர்.

முகுந்தைக் கூட்டி வந்தார்கள். நடந்துதான் வந்தான், ஆனால் பாதத்தின் ஓரத்தால். ஒரு கண் மூடியே இருந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் கத்திரிக்காய் நிறத்தில், கத்திரிக்காய் பருமனில் இருந்தன. ருக்மிணி எழுந்தாள், தொடப் போனாள். எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். பேனாவின் மூடியையும் தாமே கழற்றினார். "போகலாம். ஒரு சின்ன சடங்கு. விசாரணையின்போது நன்றாக நடத்தப்பட்டேன், எந்தப் புகாரும் இல்லை. இங்கே ஒரு கையெழுத்து."



முகுந்த் பேனாவைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். ருக்மிணி அவனுடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் அதே குரலில், ஹிந்தியில் சொன்னாள்:

"அந்தத் தாளுக்கு வீக்கம் வடியற வரைக்கும் காத்திருந்தீங்கல்ல சாஹேப்? இதுக்கும் காத்திருங்க."

அவனைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். கான்ஸ்டபிள் தானாக ஒதுங்கி வழிவிட்டான். மங்கையும் ரஃபீக்கும் பின்னால் போனார்கள்.

மின்விசிறிக் காற்றில் அந்த 'எந்தப் புகாரும் இல்லை' தாள் மேஜையிலிருந்து கிளம்பப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கையை நீட்டி, அகப்பட்டதை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார். வைத்த பிறகுதான் அது கொலை செய்த ஸ்பானர் என்பதும், அதில் இப்போது தம்முடைய ஐந்து விரல்களும் அழுந்தப் பதிந்துவிட்டன என்பதும் அவருக்கு உறைத்தது.